டயலைக் கடைசியில் பார்

கைக்கடிகாரத்தில் முதலில் மூப்பு தட்டுவது முகத்தில்தான். உள்ளே இருக்கிற மெஷினைச் சில வருஷத்துக்கு ஒருதரம் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு மூடினால் பேரன் காலம்வரை ஓடும். டயலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் ஊர் வேர்வையும் ஈரக்காற்றும் சாவித் தண்டின் ஓரமாக உள்ளே இறங்கும். கண்ணாடியில் விரிசல் விட்டால் மழைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். உள்ளே போனது லேசில் வெளியே வராது. மேலே பூசிய லாக்கர் முதலில் மஞ்சளாகும், பிறகு புள்ளி புள்ளியாகக் கறுக்கும், கடைசியில் நரம்பு நரம்பாக வெடித்துவிடும்.

அதனால் டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பதை அந்த நாளில் யாரும் தப்பாக நினைத்ததில்லை. "தங்கச்சி கல்யாணம் வருது, மாமனார் போட்ட வாட்ச் மங்கிப் போச்சு, புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க" என்று வாடிக்கையாளரே வந்து நிற்பார். பெரிய பெரிய சுவிஸ் கம்பெனிகளும் சர்வீசுக்கு வந்த வாட்சுக்கு டயலைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கின்றன. புதுசாக இருந்தால்தான் வாட்ச் என்று உலகமே நினைத்த காலம் அது.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. மங்கினாலும் வெடித்தாலும் முதல் டயலே வேண்டும் என்கிறார்கள். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நடத்திய ஏலத்தில், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அவர் பெயரால் வழங்கும் அந்த டயல் வகை இருந்தால், சாதாரண டயல் வைத்த அதே வாட்சைப் போலப் பல மடங்கு விலை. மெஷின் ஒன்றுதான், கேஸ் ஒன்றுதான். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகட்டுக்கு அத்தனை பணம் என்றால், அந்தத் தகட்டைப் பொய்யாகச் செய்ய ஆள் வராமல் இருப்பானா?

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவரைத் திருநெல்வேலி ஜங்ஷனில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கடை என்று சொன்னால் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை, ஒரு குண்டு பல்பு, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான். அவர் பழைய வாட்சைக் கையில் வாங்கினால் டயலைப் பார்க்கவே மாட்டார். கவிழ்த்து, பின்மூடியைத்தான் முதலில் பார்ப்பார். அடுத்து கேசின் காதுகள், அடுத்து சாவி. மூடியைத் திறந்து மெஷின். பிறகு முள். எல்லாம் முடிந்து, ஐகிளாசைத் துடைத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஆற அமர டயலுக்கு வருவார். நானோ பத்தொன்பது வயசுத் துடிப்பு. எடுத்த எடுப்பில் டயலைப் பார்த்து, "பெயின்ட்!" என்று கத்தினால்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அந்த வயசில் கண் நன்றாகத்தான் இருந்தது. கழுத்துதான் நிற்காது, முன்னால் நீண்டுகொண்டே போகும்.

அண்ணாச்சியின் அந்த வரிசைக்குக் காரணம் இருந்தது. டயலின் வயசைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு கூட இருந்தவற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கேசின் விளிம்பெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது, சாவியின் பல் மழுங்கிவிட்டது, முள்ளில் துரு. டயல் மட்டும் பளபளவென்று இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று இடிக்கிறது. மறுபக்கமும் உண்டு. கேஸ் கீறலே இல்லாமல் இருக்கும், டயல் மட்டும் டீத்தண்ணி நிறத்தில் பழசாகத் தெரியும். அடுப்பில் வாட்டிப் பழசாக்குகிற ஆட்களும் உண்டு. ஐம்பது வருஷம் அலமாரியில் தூங்கி, கட்டப்படாமலே வந்த வாட்சில் முதல் டயல் நேற்றுப் போட்டதுபோல இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதில் கேசும் முள்ளும் சாவியும்கூட அப்படியேதான் இருக்கும். சாட்சிகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

டயலுக்கு வந்துவிட்டால், முதலில் எழுத்து. நல்ல கம்பெனி டயலில் எழுத்தை யாரும் தூரிகையால் எழுதுவதில்லை. உலோகத் தகட்டில் எழுத்தைப் பள்ளமாகச் செதுக்கி, அதில் மையை நிரப்பி, மேலே மிஞ்சியதை வழித்துவிட்டு, மெத்தென்ற ஜெலட்டின் உருண்டையை அதன்மேல் அழுத்தி எடுத்து, டயலில் ஒற்றுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் ஐகிளாசில் பார்த்தால் அந்த மை டயல்மேல் துளி மேடாக நிற்கும். ஓரம் பிளேடால் அறுத்ததுபோல் இருக்கும். மறு பெயின்டில் ஓரம் ஊறியிருக்கும், எழுத்துகள் ஊதியிருக்கும். ஆங்கிலத்து 'ஏ', 'ஆர்' எழுத்துகளின் உள்வயிறு அடைத்துப் போயிருக்கும். இரண்டு எழுத்துக்கு நடுவில் இடைவெளி ஒருமாதிரி, அடுத்த இரண்டுக்கு வேறுமாதிரி. ஆறு மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டி 'சுவிஸ் மேட்' என்று பொடியாக இருக்கிற இடத்தில்தான் கை நடுங்கிப் பலர் மாட்டிக்கொள்வார்கள். சில டயல்களில் அந்த வரியே காணாமல் போயிருக்கும். சுரண்டியவன் குறித்து வைத்துக்கொள்ள மறந்திருப்பான்.

நிமிஷக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பன்னிரண்டு மணியைக் குறிக்கும் கட்டையின் நட்ட நடுவில் அறுபதாவது கோடு வருகிறதா? மறு அச்சில் கால் கோடு தள்ளி நிற்கும். ஒட்டுவைத்த கட்டைகள் இருந்தால் அவற்றின் அடியைப் பாருங்கள். கம்பெனியில் டயலுக்கு வண்ணம் ஏற்றி முடித்துத்தான் கட்டைகளைத் துளையில் சொருகுவார்கள். அவசரக்காரன் அவற்றைக் கழற்றாமலே அடிப்பான். வீட்டுக்கு வெள்ளையடித்தவர் சுவிட்ச் போர்டு ஓரத்தில் விட்டுப்போன கறை மாதிரி, கட்டையின் காலடியில் பெயின்ட் ஏறியிருக்கும். சின்ன விநாடி முள்ளுக்கென்று தனி வட்டம் இருந்தால் அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நல்ல டயலில் அந்த வட்டத்துக்குள் இசைத்தட்டில் இருப்பதைவிட மெல்லிய வளையங்கள் இழைந்திருக்கும். வெளிச்சம் அதில் சுழலும். சுரண்டித் தேய்த்த டயலில் அந்த இழை மழுங்கி, வட்டம் மொண்ணையாகக் கிடக்கும். அதைத் திரும்பக் கொண்டுவருவது பெயின்ட் அடிப்பவர் கையில் இல்லை.

டயலைக் கழற்ற முடிந்தால் பின்பக்கம் இன்னும் நிறையப் பேசும். அதில் இரண்டு சின்னச் செம்புக் கால்கள் இருக்கும். மெஷினின் தட்டில் இருக்கிற துளைகளில் அவை உட்கார வேண்டும். கால்களை நறுக்கிவிட்டுப் பசையால் ஒட்டியிருந்தால், அது வேறொரு மெஷினுக்குப் பிறந்த டயல். பின்பக்கத்தில் பெயின்ட் தெறித்திருக்கும். ஊசியால் கீறிய எண் இருக்கும், இருபது டயலை ஒன்றாக அடிக்கிறவர் எது எந்த வாட்சினுடையது என்று தெரிவதற்காகக் கீறியது. மூன்று மணி ஓரத்தில் அரத்தால் போட்ட சிறு வெட்டும் பல சமயம் அச்சுக்கு நேர் பிடித்த அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அண்ணாச்சி எந்த ஒற்றை அடையாளத்தையும் நம்பியதில்லை. மூன்று சேர்ந்தால்தான் வாயைத் திறப்பார்.

வாயைத் திறப்பது என்றதும் டீச்சரம்மா நினைவு வருகிறது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கைக்குட்டையில் முடிந்து ஒரு ஃபேவர் லூபா கொண்டுவந்தார். அந்தக் கம்பெனி 1737இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது, 1865இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆகவே நம்மவர்களுக்கு அது வெளிநாட்டுச் சாமான் என்பதைவிடப் பழகின சாமான். நல்ல வேலையில் இருப்பவர் என்பதற்கு அந்த நாளில் அதுவும் ஓர் அடையாளம். மகனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது, பணம் கட்ட வேண்டும். விற்கப் போன இடத்தில் ஒருவர் டயலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டூப்ளிகேட் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டாமே? அப்படியா?"

"யாரு கட்டுனது டீச்சர்?"

"அவுக கட்டுனது." அதற்குமேல் சொல்லவில்லை.

நான் பக்கத்து ஸ்டூலிலிருந்து கழுத்தை நீட்டி ஐகிளாசில் பார்த்துவிட்டேன். எழுத்து ஊதியிருந்தது, கட்டையின் காலடியில் பெயின்ட். "அண்ணாச்சி, டயலு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏல, போயி ரெண்டு டீ சொல்லிட்டு வா. டீச்சருக்குச் சீனி கம்மியா."

டீச்சருக்குச் சீனி கம்மி என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனேன். என்னைக் கிளப்புவதற்காக அந்த நிமிஷத்தில் முளைத்த சீனி அது என்று விளங்க ரொம்ப நாள் ஆயிற்று.

திரும்பி வந்தபோது வாட்ச் மேசைமேல் பிரிந்து கிடந்தது. மெஷினில் கம்பெனிப் பெயர் சுத்தமாக இருந்தது. திருகாணித் தலைகள் எதுவும் சிதையவில்லை. பின்மூடியின் உட்பக்கத்தில் இதற்கு முன்னால் சர்வீஸ் செய்தவர்கள் கீறிய பொடிக் குறிகள் இருந்தன. டயலின் முதுகில் பெயின்ட் தெறிப்பும் ஊசியெழுத்தில் ஓர் எண்ணும். அண்ணாச்சி ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்: "இது எப்பவாச்சும் தண்ணில விழுந்துச்சா டீச்சர்?"

டீச்சரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: வெள்ளம் வந்த வருஷம், கணவர் சைக்கிளோடு ஆற்றுப் படித்துறையில் சறுக்கி விழுந்தது, கண்ணாடி உடைந்தது, டயலெல்லாம் கறை ஏறியது, மெட்ராசுக்குப் போகிற யாரிடமோ கொடுத்தனுப்பி ஒரு மாசம் கழித்துப் புதுசு மாதிரி வந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாட்ச் போன ஒரு மாசமும் அவர் வீட்டுக்காரர் வெறுங்கையைப் பார்த்துப் பார்த்து மணி கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அப்ப சரி. டூப்ளிகேட் இல்ல டீச்சர். வாட்ச்சு அசல். மூஞ்சி மட்டும் ஒருதரம் திருத்துனது. வாங்குதவன்ட்ட நீங்களே மொதல்ல சொல்லிருங்க. அவனா கண்டுபிடிச்சுச் சொன்னாம்னா வெல பாதியாயிரும். நீங்களா சொன்னா கால்வாசிதான் கொறையும்."

அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அதை வாங்கிக்கொண்டார். டயல் திருத்தியது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பணத்தைக் கட்டிப் பையன் காலேஜில் சேர்ந்தான். சினிமாவாக இருந்தால் டீச்சரம்மா அதை விற்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போயிருப்பார். அவர் விற்றார். அதுதான் சரி என்று அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

கடை அடைக்கும்போது அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "நீ பாத்தது சரிதாம்ல. ஆனா அந்தம்மா முன்னால பெயின்ட்னு மட்டும் சொல்லியிருந்தேன்னா, அவுக காதுல டூப்ளிகேட்னுதான் விழுந்திருக்கும். வீட்டுக்காரர் ஏமாந்து போயி வாங்கிட்டாருன்னு காலம் பூரா நெனச்சிக்கிட்டு இருப்பாக."

டயல் முதல் டயலா என்பது ஒரு கேள்வி. வாட்ச் அசலா என்பது வேறு கேள்வி. ஏமாற்றினார்களா என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் சந்தையில் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பாதிப் பேர் விலையைக் குறைக்கத் தெரிந்தே குழப்புகிறார்கள்.

சுரண்டக்கூடாத டயல் என்று ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. 1960களின் தொடக்கம் வரைக்கும் இருட்டில் ஒளிர்வதற்கு எண்ணிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பெயின்ட்தான் பூசினார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் என்ற ஊரில், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, அந்த டயல்களைப் பூசியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தூரிகை முனை கூராக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியம் தாடை எலும்பில் போய் உட்கார்ந்தது. பற்கள் விழுந்தன, பலர் செத்தார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் இன்னும் நால்வரும் வழக்குப் போட்டு, 1928இல்தான் கம்பெனி இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். டயல் இன்றைக்கு ஒளிரவில்லையே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கூடக் கலந்த ஒளிரும் பொடிதான் செத்திருக்கிறது, ரேடியம் அப்படியே இருக்கிறது. அதைச் சுரண்டினால் எழும் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. ஊதவும் கூடாது. எங்கள் காலத்தில் இது தெரியாமல் எத்தனை பேர் ஊதினோமோ!

அந்த ரேடியமே சில சமயம் நல்ல சாட்சி சொல்லும். ஒரு வாட்ச் பல வருஷம் ஒரே மணியில் நின்று கிடந்தால், முள்ளில் இருக்கிற ரேடியம் நேர் கீழே டயலைப் பழுப்பாக்கிவிடும். முள்ளைச் சற்று நகர்த்தினால், முள்ளின் நிழலைப் படம் எடுத்து ஒட்டியதுபோல அந்தக் கறை தெரியும். மறு பெயின்ட் அடித்தவன் அதை அழித்துவிடுவான். அதைப் பொய்யாக வரைவதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும். பின்னால் டிரிட்டியம் வந்தது. சுவிஸ் டயலில் கீழே 'டி' என்று குறி போட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துச் சொச்சத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆகவே அறுபதுகளின் வாட்ச் என்று சொல்லிக்கொண்டு, டார்ச் அடித்து அணைத்த பிறகும் பச்சையாக விடிய விடிய ஒளிர்ந்தால், அந்தப் பெயின்ட் 1990களிலோ அதற்கு அப்புறமோ பூசியது. ஜப்பான்காரர்களின் லூமினோவா 1993இல்தான் வந்தது. இந்தச் சோதனைக்கு ஐகிளாசும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம். போர்வைக்குள் புகுந்து பார்த்தால் போதும்.

போன மாசம் பேரனின் சிநேகிதன் ஒருவன் எச்.எம்.டி. ஜனதா கொண்டுவந்தான். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு 1961இல் தொடங்கிய தொழிற்சாலை எச்.எம்.டி.யுடையது. ஒரு காலத்தில் எச்.எம்.டி. வாட்சுக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு ஓசூரில் டைட்டன் வந்தது, குவார்ட்ஸ் வந்தது, சாவி கொடுப்பது கிழவர்கள் வேலை ஆயிற்று. 2016இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்ததும், அதுவரை சீந்தாத பிள்ளைகளெல்லாம் தேட ஆரம்பித்தார்கள். தேடுகிறவர்கள் கூடினால் சரக்கு முளைக்காமல் இருக்குமா? மும்பைப் பக்கம் பழைய மெஷினை எடுத்து, கேசுக்குப் பாலிஷ் போட்டு, டயலுக்குக் கிளிப்பச்சையும் மிளகாய்ச் சிவப்பும் அடித்து, கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

பையன் கொண்டுவந்தது கிளிப்பச்சை. ஆசையாகக் காட்டினான். நான் வழக்கம்போலக் கவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன். உள்ளே 0231 மெஷின், 17 கல், சுத்தமாக ஓடியது. திருப்பினேன். டயலில் 21 கல் என்று போட்டிருந்தது.

"தாத்தா, நல்லாருக்கா?"

என் கழுத்து ஒரு நிமிஷம் பழைய மாதிரி முன்னால் நீண்டது. அடக்கிக்கொண்டு, எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். சொன்னான். மெஷினுக்கு அந்த விலை அதிகமில்லை.

"மெஷின் அசல்ப்பா. நல்லா ஓடுது. டயலைப் பின்னால யாரோ அடிச்சிருக்காங்க. இந்தா, நீயே பாரு" என்று ஐகிளாசைக் கொடுத்தேன். கண்ணில் மாட்டத் தெரியாமல் இரண்டு தரம் கீழே போட்டான். அப்புறம் 17ஐயும் 21ஐயும் அவனே கண்டுபிடித்தான். முகம் வாடவில்லை. போலீஸ்காரன் துப்புக் கண்டுபிடித்த சந்தோஷம்தான். தொடர்ந்து நிமிஷக் கோடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

என்னிடம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் டயல்கள் கிடந்தன. அதில் வெள்ளை ஜனதா ஒன்று இருந்தது. ஏழு மணிப் பக்கம் கறை, மற்றபடி தெளிவான எழுத்து, கால்கள் இரண்டும் முழுசு. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். கறை இருக்கிறதே என்று தயங்கினான். கடைசியில் வெள்ளையைப் போடச் சொன்னான். பச்சையையும் திருப்பிக் கேட்டான், காலேஜ் விழாவுக்குப் போட்டுக்கொள்ளலாமாம். தாராளமாகப் போட்டுக்கொள் என்று ஒரு சின்னக் காகித உறையில் அதை வைத்து, பின்னால் வேறு யார் கையிலாவது போகுமே என்று, மேலே 'மறு பெயின்ட்' என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன்.